ஒப்பந்தம் முடியும் முன்பே மொபைல் கட்டணத்தை ஏற்றுகிறார்கள்: பிரிட்டனில் அபராதம் இல்லாமல் வெளியேற முடியுமா?

இல்ஃபோர்ட்வாசி கேட்டது:

வணக்கம். வீட்டில மூன்று இணைப்பு இருக்கு, மூன்றும் 24 மாதக் கொன்ட்ராக்ட். ஏப்ரலில இருந்து மூன்றுக்கும் காசு கூடுது எண்டு அறிவித்தல் வந்திருக்கு. விபரம் இதுதான்:

முதலாவது, 2024 நவம்பரில எடுத்த வெறும் சிம். தொடங்கேக்க மாதம் 18 பவுண். ஒவ்வொரு ஏப்ரலும் சிபிஐ (நுகர்வோர் விலைக் குறியீடு) பணவீக்கத்தோட 3.9 சதவீதம் சேர்த்துக் கூடும் எண்டு கொன்ட்ராக்டில இருக்கு.

இரண்டாவது, 2025 மே மாதம் எடுத்த சிம், மாதம் 10 பவுண். ஏப்ரல் தோறும் 1 பவுண் 50 பென்ஸ் கூடும் எண்டுதான் கொன்ட்ராக்டில எழுதியிருக்கு. இப்ப வந்த ஈமெயிலில 2 பவுண் 25 பென்ஸ் எண்டு போட்டிருக்கு.

மூன்றாவது, 2025 ஓகஸ்டில போனோட சேர்த்து எடுத்தது. போனுக்கு 36 மாதக் கடன் தனிய, சிம்முக்கு 24 மாதம் தனிய. இதின்ர சிம் கொன்ட்ராக்டிலயும் 1.50 எண்டுதான் இருக்கு, இதுக்கும் இரண்டாவதுக்கு வந்த அதே ஈமெயில்.

சாட்டில கேட்டால், "விலை கூடும் எண்டு கொன்ட்ராக்டில இருக்கு, போறதெண்டால் மிச்ச மாதக் காசைக் கட்ட வேணும்" எண்டு மூன்றுக்கும் ஒரே பதில். இது சரியோ? டிரெக்ட் டெபிட்டை (வங்கியில இருந்து மாதாமாதம் தானாக் காசு போறதை) நிப்பாட்டிப்போட்டு வேற இடம் போனால் என்ன நடக்கும்?

விதிகாண்:

சாட்டில் சொன்னது முதல் இணைப்புக்கு மட்டும் சரி. மற்ற இரண்டுக்கும் தவறு. காரணம் ஒப்பந்தத் தேதியிலும், அதில் எழுதியிருக்கும் எண்ணிலும் இருக்கிறது.

அடிப்படை விதி, பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் பொது நிபந்தனைகளில் சி1 என்ற பகுதியில் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தை நிறுவனம் மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். அபராதம் இல்லாமல் வெளியேறும் உரிமை உண்டு என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும். விலக்கு மூன்றுதான்: மாற்றம் முழுக்க வாடிக்கையாளருக்கு நன்மையாக இருப்பது, பாதிப்பில்லாத வெறும் நிர்வாக மாற்றம், சட்டமே நேரடியாகத் திணித்த மாற்றம். "செலவு கூடிவிட்டது", "நெட்வொர்க்கில் முதலீடு செய்கிறோம்" என்று ஈமெயிலில் எழுதுவது இந்த மூன்றில் எதிலும் சேராது.

ஆனால் "மாற்றம்" என்றால் என்ன என்பதில்தான் சிக்கல். மாதக் கட்டணத்தை எவ்வளவு ஏற்றினாலும் வெளியேறும் உரிமை தர வேண்டும் என்று 2014 ஜனவரி 23 முதல் ஆஃப்காம் சொன்னது. நிறுவனங்கள் அதற்குக் கண்டுபிடித்த வழி, ஏற்றத்தை முன்கூட்டியே ஒப்பந்தத்துக்குள் எழுதிவைப்பது. பணவீக்கம் கூட்டல் 3.9 என்று கையெழுத்து வாங்கிவிட்டால், அதன்படி ஏறுவது ஒப்பந்தத்தை மாற்றுவது ஆகாது, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது. அதனால் வெளியேறும் உரிமை வராது. பணவீக்கம் குறைவாக இருந்தவரை யாரும் கவனிக்கவில்லை. 2023 ஏப்ரலில் சிபிஐ 10.5, அதோடு 3.9, மொத்தம் 14.4 சதவீதம் ஏறியது. ஆர்பிஐ என்ற பழைய குறியீட்டைப் பிடித்தவர்கள் 17.3 சதவீதம் ஏற்றினார்கள். எவ்வளவு என்று தெரியாத ஒன்றுக்கு இரண்டு வருடம் முன்பே சம்மதம் வாங்கியது அடிப்படையிலேயே அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஆஃப்காமும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தது: 2025 ஜனவரி 17 முதல் எடுக்கும் புதிய ஒப்பந்தங்களில் பணவீக்கத்தோடு கட்டிய ஏற்றமோ சதவீத ஏற்றமோ கூடாது. எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ், எந்த மாதத்திலிருந்து என்று விற்கும்போதே கண்ணில் படும்படி காட்ட வேண்டும்.

அந்தத் தடை பழைய ஒப்பந்தங்களைத் தொடவில்லை. உங்கள் 2024 நவம்பர் சிம் அந்தத் தேதிக்கு முந்தியது. அதனால் சூத்திரப்படி ஏற்றினால் அபராதமில்லா வெளியேற்றம் கிடையாது.

இரண்டாவது வேறு கதை. 1.50 என்று எழுதிக்கொடுத்துவிட்டு 2.25 கேட்கிறார்கள். விலை ஏறும் என்று ஒப்பந்தத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் இந்த எண் இல்லை. ஆகவே இது மாற்றம். ஒரு மாத முன்னறிவிப்பும் இலவச வெளியேற்றமும் தந்தே ஆக வேண்டும். 2025 அக்டோபரில் ஓ2 நிறுவனம் 1.80 என்று சொல்லியிருந்த வருடாந்திர ஏற்றத்தை 2.50 ஆக்குவதாக அறிவித்தபோது நடந்ததும் இதுவே. ஆஃப்காம் ஏமாற்றம் தெரிவித்தது, அமைச்சர் வரைக்கும் போனது, ஆனால் ஏற்றம் தடுக்கப்படவில்லை. 30 நாளுக்குள் விலகலாம் என்ற வழி கொடுக்கப்பட்டதால் விதி மீறவில்லை என்று ஆகிவிட்டது.

இதை நன்றாகக் கவனியுங்கள். உங்களுக்கு இருப்பது விலகும் உரிமை. "1.50க்கே தொடர்கிறேன்" என்று அடம்பிடிக்கும் உரிமை இல்லை. பேசாமல் இருந்தால் 2.25க்குச் சம்மதித்ததாக ஆகும்.

ஹரோ மேற்கு:

விதிகாண் எழுதினது சரி. செய்யிற ஒழுங்கை நான் எழுதுறன். ஒழுங்கு பிழைச்சால் உரிமை இருந்தும் பில் வரும்.

முதல் வேலை, அந்த ஈமெயிலைத் திகதியோட சேமிச்சு வையுங்கோ. ஒரு மாதம் எண்டது அறிவித்தல் வந்த நாளில இருந்து ஓடத் தொடங்கும், ஏப்ரலில இருந்தில்லை. பலர் பிழை விடுறது இங்கதான்: ஏப்ரல் பில்லைப் பார்த்திட்டுத்தான் யோசிக்கத் தொடங்குவினம். அப்ப கெடு முடிஞ்சிருக்கும். ஈமெயிலில கடைசித் திகதி போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

பிறகு, அந்தச் சிம் போட்ட போனில இருந்து 85075க்கு "இன்ஃபோ" எண்ட ஆங்கிலச் சொல்லை அனுப்புங்கோ. காசில்லை. கொன்ட்ராக்ட் மிச்சம் எவ்வளவு, வெளியேறினால் என்ன கட்டணம் எண்டு பதில் வரும். இது விசாரணை மட்டும்தான், இணைப்பை ஒண்டும் செய்யாது.

மூன்றாவதாக நிறுவனத்துக்கு எழுத்தில அறிவிக்க வேணும். போனில கதைச்சால் போதாது. சாட்டில எழுதினால் முழுவதையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ. எழுத வேண்டியது நாலு விசயம்: இணைப்பு நம்பர், கொன்ட்ராக்டில இருந்த தொகை 1.50, புது அறிவித்தலில இருக்கிற தொகை 2.25, இந்த மாற்றத்தை ஏற்காமல் அபராதமில்லாமல் விலகுறன் எண்ட வசனம். வெளியேறும் கட்டணம் பூச்சியம் எண்டு பதிலில உறுதி கேளுங்கோ.

அந்த உறுதி கைக்கு வந்தாப் பிறகுதான் 65075க்கு "பிஏசி" எண்ட மூன்று ஆங்கில எழுத்தை அனுப்ப வேணும். ஒரு நிமிசத்துக்குள்ள குறியீடு வரும், 30 நாள் செல்லும். அதைப் புது நிறுவனத்திட்டக் குடுத்தால் அடுத்த வேலை நாள் உங்கட பழைய நம்பர் அப்பிடியே அங்க போயிடும், பழைய கணக்குத் தானாக மூடும். நம்பர் வேண்டாம், கணக்கை மட்டும் மூட வேணும் எண்டால் 75075க்கு "எஸ்டிஏசி". இந்த முறை 2019 யூலையில இருந்து இருக்கு. மாறின நாளுக்குப் பிறகு நோட்டீஸ் காலம் எண்டு சொல்லிக் காசு எடுக்கவும் ஏலாது.

டிரெக்ட் டெபிட்டை மட்டும் முதலில நிப்பாட்டாதேங்கோ. அது கொன்ட்ராக்டை முடிக்காது. பில் கட்டாமல் நிண்டதாகப் பதிவாகும், தவணை தவறினது எண்டு கிரெடிட் பதிவில ஏறினால் 6 வருசம் நிக்கும். கடைசிப் பில் சரியா முடிஞ்சு, பூச்சியம் எண்டு பார்த்தாப் பிறகு நிப்பாட்டலாம்.

பில்கணக்கு:

மூன்றாவது இணைப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பணம் அதிகம் சிக்குவது அங்கேதான்.

போன் கடனும் சிம் ஒப்பந்தமும் இரண்டு தனிக் காகிதங்கள். போன் கடன் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் கீழ் வரும். அதன் தவணை நிலையானது, ஏப்ரல் ஏற்றம் அதைத் தொடாது. ஏறுவது சிம் பகுதி மட்டும். ஆகவே உங்கள் பில்லில் போன் தவணையும் சேர்ந்து ஏறியிருந்தால் அது நேரடியாகத் தவறு.

சிம் பகுதியில் அபராதம் இல்லாமல் விலகலாம். அதனால் போன் கடன் மறைந்துவிடாது. கடன் காகிதத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: சிம் சேவையை நிறுத்தினால் மிச்சக் கடன் முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டுமா, அல்லது மாதாமாதம் தொடரலாமா? நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். 36 மாதத்தில் சுமார் 8 மாதம்தான் ஆகியிருக்கிறது; மாதம் 25 பவுண்டு தவணை என்று வைத்தால் 28 × 25 = 700 பவுண்டு. வருடத்துக்கு 9 பவுண்டு கூடுதல் ஏற்றத்தைத் தவிர்க்க (0.75 × 12) 700 பவுண்டை ஒரே நாளில் புரட்ட வேண்டுமா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. உரிமை இருக்கிறது என்பதற்காகப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றில்லை. அதே நேரம், போன் கடனைக் காட்டி ஆளைப் பிடித்துவைக்கும் இந்த அமைப்பு வெளியேறும் உரிமையைப் பாதி பொய்யாக்குகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன் பூட்டியிருக்குமோ என்ற பயம் வேண்டாம். 2021 டிசம்பரிலிருந்து ஒரே நெட்வொர்க்குக்குப் பூட்டிய போன்களை மொபைல் நிறுவனங்கள் விற்கக் கூடாது. அதற்கு முன் வாங்கியதைத்தான் திறக்கக் கேட்க வேண்டியிருக்கும்.

முதல் சிம்முக்கு வருகிறேன். விலக முடியாவிட்டாலும் கணக்கைச் சரிபார்க்க முடியும். 2024 டிசம்பர் சிபிஐ 2.5, கூட 3.9, ஆக 6.4 சதவீதம். 18 பவுண்டுக்கு 2025 ஏப்ரலிலிருந்து 19.15 ஆகியிருக்க வேண்டும். அதற்கு மேல் எடுத்திருந்தால் சூத்திரத்தை மீறியிருக்கிறார்கள். இந்த வருடத்துக்கு 19.15இலிருந்து தொடங்கிப் பெருக்குங்கள். எந்த மாதப் பணவீக்க எண்ணை எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். வழக்கமாக ஜனவரியில் வெளியாகும் டிசம்பர் மாத எண். இன்னொன்று: தள்ளுபடி விலையில் எடுத்திருந்தால், ஏற்றத்தைத் தள்ளுபடிக்கு முந்திய முழு விலையில் கணக்கிட்டிருக்கிறார்களா, அப்படிச் செய்ய ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பாருங்கள்.

விதிகாண்:

பில்கணக்கு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2022 ஜூன் 17 முதல், ஒப்பந்தத்தில் கட்டுப்படும் முன்பே ஒப்பந்தச் சுருக்கம் என்ற சிறு ஆவணத்தைக் கையில் தர வேண்டும். முதல் சிம்முக்கு அந்தச் சுருக்கத்தைத் தேடி எடுங்கள். 3.9 பற்றிய வரி நீங்கள் ஒப்பந்தம் எடுக்கும் முன் வந்த காகிதத்தில் இல்லாமல், பிறகு வந்த நீண்ட நிபந்தனைகளில் மட்டும் இருந்தால் அது வலுவான புகார். சுருக்கத்திலேயே இருந்தால் அந்த வழி மூடியது. அப்படியானால் காத்திருப்பதே நல்லது. 24 மாதம் முடிய 40 முதல் 10 நாள் முன்பு நிறுவனமே அறிவிப்பு அனுப்ப வேண்டும். அன்றைக்கே கிளம்பத் தயாராக இருங்கள்.

இல்ஃபோர்ட்வாசி:

எல்லாருக்கும் நன்றி. 85075க்கு அனுப்பிப் பார்த்தன். இரண்டாவது நம்பருக்கு வெளியேறும் கட்டணம் 131 பவுண் எண்டு வருது. எழுத்தில அறிவிச்சதுக்கு "உங்கட கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" எண்டு மட்டும் பதில். இப்ப பிஏசி எடுக்கலாமோ, பொறுக்க வேணுமோ? ஆஃப்காமுக்கு எழுதினால் கெதியாத் தீருமோ?

ஹரோ மேற்கு:

அந்த 131 பவுண் கணினி தானாகப் போடுற கணக்கு. மிச்ச மாதங்களை மாதக் கட்டணத்தால பெருக்கி, கழிக்க வேண்டியதைக் கழிச்சு வாற தொகை. ஈமெயில் அனுப்பின பகுதிக்கும் இந்தக் கணினிக்கும் தொடர்பில்லாமல் இருக்கும். அதாலதான் எழுத்தில உறுதி கேட்கச் சொன்னது. பிஏசி பதில் மெசேஜிலயும் இதே தொகை வந்தால், அதைப் பாவிச்சு மாறின உடனே கடைசிப் பில்லில 131 ஏறி, டிரெக்ட் டெபிட்டில போயிடும்.

கெடுவுக்கு இன்னும் நாள் இருந்தால் மறுபடி எழுதுங்கோ. "பதிவு செய்யப்பட்டது" எண்டது உறுதி இல்லை. கட்டணம் பூச்சியம் எண்ட சொல் வர வேணும். கெடு முடிய மூன்று நாலு நாள்தான் இருக்கு எண்டால் பொறுத்துக்கொண்டிருக்காதேங்கோ. நீங்கள் கெடுவுக்குள்ள எழுத்தில அறிவிச்ச திகதிக்கு ஆதாரம் இருக்கு, அதை நம்பி மாறலாம். காசு எடுத்தால் திருப்பிக் கேட்டுப் புகார்.

விதிகாண்:

ஆஃப்காமுக்கு எழுதினால் தீராது. தனி ஒருவரின் புகாரை அது விசாரிக்காது. எத்தனை பேர் எந்த நிறுவனத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பார்த்து நடவடிக்கை எடுக்கும் இடம் அது. சொல்வது நல்லதுதான், ஆனால் உங்கள் 131 பவுண்டு அங்கிருந்து வராது.

வழி இது. நிறுவனத்துக்கு எழுதும்போது "புகார்" என்ற சொல்லை வெளிப்படையாகப் போடுங்கள். வெறுமனே கேள்வி கேட்டால் அது விசாரிப்பு என்று மூடப்படும், நாள் கணக்கு ஓடாது. புகார் எண் வாங்குங்கள். அவர்களுடைய இறுதிப் பதில் பிடிக்கவில்லை என்றால் "டெட்லாக்" கடிதம், அதாவது இதற்கு மேல் தங்களால் தீர்க்க முடியாது என்று அவர்கள் தரும் கடிதம், கேளுங்கள். அது கிடைத்ததும் உடனே வெளி நடுவரிடம் போகலாம். இழுத்தடித்தால், 8 வாரம் (2026 ஏப்ரல் 8 முதல் பதியும் புகார்களுக்கு 6 வாரம்) கடந்துவிட்டால் கடிதமே இல்லாமல் போகலாம். நடுவர் அமைப்புகள் இரண்டு: கம்யூனிகேஷன்ஸ் ஆம்பட்ஸ்மன், சிஸாஸ். ஒவ்வொரு நிறுவனமும் ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். எது என்று அவர்களுடைய புகார்ப் பக்கத்தில் இருக்கும். உங்களுக்குக் கட்டணம் இல்லை. தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்படும். ஏற்காவிட்டால் சிறு வழக்கு நீதிமன்ற வழி அப்படியே இருக்கும்.

இணைக்க வேண்டியவை: ஒப்பந்தச் சுருக்கம், 2.25 என்று வந்த ஈமெயில், நீங்கள் விலகுவதாக எழுதியதன் நகல், கடைசி இரண்டு பில். நடுவருக்கு நீளமான கதை தேவையில்லை. "ஒப்பந்தத்தில் 1.50, அறிவிப்பில் 2.25, இன்ன தேதியில் விலகல் அறிவித்தேன், 131 பவுண்டு எடுத்தார்கள்" என்ற நாலு வரி போதும்.

டிரெக்ட் டெபிட்டில் தவறாக எடுத்துவிட்டால் வங்கியிடம் டிரெக்ட் டெபிட் உத்தரவாதத்தின் கீழ் திரும்பக் கேட்கலாம், உடனே தருவார்கள். ஆனால் அது பணத்தைத் திருப்புமே தவிர, தகராறைத் தீர்க்காது. நிறுவனம் அதைக் கடன் என்றே வைத்துக்கொண்டு துரத்தக்கூடும். எனவே புகாரை முதலில் பதிந்துவிட்டு அதைச் செய்யுங்கள்.

பில்கணக்கு:

மாறும்போது அடுத்த ஒப்பந்தத்தையும் பார்த்து எடுங்கள். பவுண்டு-பென்ஸ் முறை வந்ததால் தெளிவு கிடைத்தது, மலிவு கிடைக்கவில்லை. மாதம் 1.80 ஏற்றம் என்றால் 25 பவுண்டு இணைப்புக்கு அது 7.2 சதவீதம். 8 பவுண்டு சிம்முக்கு 22.5 சதவீதம். குறைந்த கட்டணம் கட்டுபவர் தோளில்தான் அதிகம் விழுகிறது. ஆகவே சிறிய சிம்முக்கு 24 மாதம் கட்டிக்கொள்வதற்குப் பதில் ஒரு மாத சிம் எடுங்கள். விலை ஏற்றினால் அடுத்த மாதமே போய்விடலாம்.

24 மாதம்தான் வேண்டும் என்றால் எந்த மாதம் எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். 20 பவுண்டு, ஏப்ரல் தோறும் 1.80 என்று கணக்கிடுவோம். பிப்ரவரியில் எடுத்தால் 2 மாதம் 20, 12 மாதம் 21.80, 10 மாதம் 23.60, மொத்தம் 537.60. மே மாதம் எடுத்தால் 11 மாதம் 20, 12 மாதம் 21.80, கடைசி ஒரு மாதம் 23.60, மொத்தம் 505.20. அதே இணைப்பு, அதே விலை, 32 பவுண்டு 40 பென்ஸ் வித்தியாசம். கடைகளில் ஜனவரி, பிப்ரவரியில் காட்டும் விலை இரண்டு மாதம்தான் நிற்கும். ஒப்பிடும்போது மாத விலையைப் பார்க்காமல் 24 மாதத்தையும் கூட்டி ஒப்பிடுங்கள்.

இணையத்திலோ போனிலோ எடுத்தால் 14 நாளுக்குள் மனம் மாறலாம். பயன்படுத்திய அளவுக்கு மட்டும் கட்ட வேண்டும். கடைக்குப் போய் எடுத்தால் அந்த உரிமை சட்டப்படி கிடையாது. இருக்கிற நிறுவனத்திலேயே போனில் பேசிப் புதுப்பித்தாலும் இந்த 14 நாள் உண்டு. சலுகை தருகிறோம் என்று இழுத்துப் பேசி 24 மாதத்தை மறுபடி தொடங்கிவிடுவது வழக்கம் என்பதால் இதை ஞாபகத்தில் வையுங்கள். குறிப்பாக இப்போது நீங்கள் விலகப்போவதாக எழுதிய பிறகு ஒரு அழைப்பு வரும். விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால் கேட்க வேண்டியது ஒன்றே: பழைய முடிவுத் தேதி அப்படியே இருக்குமா, இன்றிலிருந்து புது 24 மாதமா? பதிலை ஈமெயிலில் வாங்காமல் "சரி" சொல்லாதீர்கள்.

இல்ஃபோர்ட்வாசி:

விளங்கிட்டுது. கெடுவுக்கு இன்னும் 11 நாள் இருக்கு. "புகார்" எண்டு போட்டுத் திரும்ப எழுதிட்டன், பூச்சியம் எண்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறன். ஏழு நாளுக்குள்ள பதில் வராட்டி பிஏசி எடுக்கிறன். மூன்றாவதை விடாமல் வைச்சிருக்கிறன், கடன் காகிதத்தில ஒரேயடியாக் கட்டத்தான் சொல்லியிருக்கு. முதல் சிம்முக்கு பில்லைப் பார்த்தன், 19.15தான் எடுத்திருக்கினம்.